எழுத்துத் தெரியாத படம்

இன்று காலை கேமரா பையின் ஜிப்பைத் திறந்ததும் வௌவால் புழுக்கையின் வாடை அடித்தது. மூன்று வருடமாகப் பரணில் கிடந்த பை. அலுவலகத்தில் ஒருவர் கேமராவைக் கேட்டிருக்கிறார், மாலையில் வந்து எடுத்துக்கொண்டு போவார். துடைத்து வைக்கலாம் என்று திறந்தவள் அந்த வாடையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டு மண்டபத்துக்குள் முதலில் நீ நுழைவாய். கையைத் தட்டுவாய். வௌவால்கள் கலைந்து பறந்த பிறகு, "வாக்கா, ஊட்டுக்காரங்க வெளிய போயிட்டாங்கோ" என்பாய்.

வேலப்பன்சாவடியில் நீ நடத்திய ஜெராக்ஸ் கடைக்கு நான் வந்தது வாடகை ஒப்பந்தத்தை அச்செடுக்க. சங்கரன்கோவில் பக்கமிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து நூம்பலில் புதிதாக ஒரு பிளாட்டில் குடியேறியிருந்தேன். என் பென்டிரைவைத் திறந்த நீ ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அதிலிருந்த படங்களைப் பார்க்க ஆரம்பித்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னாக்கா, எல்லாம் வெறும் தூணா எடுத்து வச்சிகீற?"

"எனக்குப் பிடிக்கும்."

"எங்க ஊட்டாண்ட இதே மாரி ஒரு மண்டபம் கீது. பதினாறு தூணு. ஒரு ஆளு வந்து பாத்ததில்ல. வர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் நீ கடையைச் சாத்துவாய். அந்த உச்சிவெயிலில் கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு உன் பின்னால் நடந்தேன். தூர்ந்துபோன குளத்தங்கரையில் அது நின்றது. ஒரு தூணில் ஒரு பெண் கண்ணாடி பார்த்தபடி பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் படியாகக் கிடந்த நீளக் கல்லில் எட்டு வரி எழுத்து. நடந்து நடந்து தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினேன். படியை மட்டும் மூன்று படம்.

அதன்பின் நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கே சொந்தமாக இருந்தன. உன் ஸ்கூட்டரில் திருமழிசை, திருவேற்காடு, திருமுல்லைவாயில், அங்கிருந்து காஞ்சிபுரம் வரைக்கும். நான் புத்தகம் படித்து வந்து காலம், பாணி என்று அளப்பேன். நீ பார்த்ததைச் சொல்வாய். தூங்கானை மாடம் என்று நான் விளக்கத் தொடங்கியபோது, படுத்த யானைபோல் வளைந்த அந்தக் கருவறை முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவான குரலில் சொன்னாய்: "மெய்யாலுமே தூங்குதுக்கா. சத்தம் போடாம எடு." நான் ஒரு பத்தி எழுதியும் வராதது அது.

உன் வீட்டில் இதெல்லாம் பிடிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஞாயிறானால் கல்லைப் பார்க்கப் போகிறாளே என்று உன் மாமியார் என்னிடமே குறைப்பட்டார். உன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நாம் கிளம்பும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

பிறகு மண்டபத்தைச் சுற்றியிருந்த நிலம் விலைபோனது. விற்றவர்கள் உன் கணவரின் பங்காளிகள். வாங்கியவர்கள் மனை பிரித்து, குளத்தங்கரை வழியாகப் பாதை போட வந்தார்கள். நீ மனு எழுதினாய். உன் கடையிலேயே டைப் செய்து, என் படங்களை அச்செடுத்து இணைத்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறினாய். ஓர் இடத்திற்கு நானும் வந்திருந்தேன். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"கல்வெட்டு கீதுன்னு எழுதிகீறியேம்மா. போட்டோல ஒண்ணியும் தெரியலியே."

அவர் சொன்னது சரி. தரையோடு கிடக்கும் கல்லை உச்சிவெயிலில் எடுத்தால் நிழலே விழாது. நிழல் இல்லாமல் செதுக்கிய எழுத்து தெரியாது. விடிந்ததும் வெயில் சாய்வாக விழும்போது எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நாலு வருடமாகத் தெரியும். நம் பக்கத்து மண்டபம்தானே, என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டிருந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழம காலைலயே வந்துடுக்கா. எழுத்து வந்துட்சின்னா திங்கக்கெழமயே குட்துடலாம்" என்றாய்.

அந்த வாரம் எனக்கு அலுவலகத்தில் சனி, ஞாயிறும் வேலை இருந்தது. விடியற்காலை ஒரு மணி நேரம் போதும். இப்போது கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது. அன்று தூக்கம் பெரிதாக இருந்தது. "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. "செரிக்கா, நீ வேலயப் பாரு" என்று போனை வைத்தாய்.

அந்த ஞாயிறு தாண்டி வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன், போன் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது உன்னிடமிருந்து பதினோரு அழைப்புகள். திரும்ப அழைத்தால் நீ எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தூண்களை உடைத்துக் குளத்திலேயே தள்ளியிருந்தார்கள். பாதைக்கு மேடு போட அதுவே வசதியாம். நீ வண்டியின் முன்னால் நின்றிருக்கிறாய். உன் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்போடு வேலியோரம் நின்றிருந்தாய்.

"நீ வந்து ஒரு வார்த்த இங்கிலீஷ்ல பேசியிருந்தீனா நிறுத்தியிருப்பாங்களோன்னு நெனச்சேன்கா" என்றாய். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறாய். நான் வந்திருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டார்கள். அதை அன்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். உத்திரமேரூர் போகலாம் என்றேன். "ஒடம்பு ஒரு மாரியா கீதுக்கா, அப்பால பாக்கலாம்" என்றாய். மனவருத்தத்தில் சாக்கு சொல்கிறாய் என்று நினைத்தேன். நிஜமாகவே உடம்புதான். கல்லீரல். கண்டுபிடிக்கும்போதே தாமதமாகிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படியை எடுத்த படத்தை எத்தனை விதமாகக் கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்த்தேன் என்று சொன்னேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்த இருவருக்கு அனுப்பியதையும் சொன்னேன். ஒருவர் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்தார்: 'தண்ணீர்'. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்க யாரோ எதையோ எழுதி வைத்திருக்கலாம் என்றார்.

"யாரு குட்தாங்கன்னு இல்லியா?"

"இல்ல."

"பேரு போயிட்சா" என்றாய்.

நீ போன அன்று உன் பெரிய மகள் என்னிடம் ஓடி வந்து அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டாள். நாலு வருடம் கூடவே சுற்றிய, அவ்வளவு பெரிய கேமரா வைத்திருக்கும் என்னிடம் அம்மாவின் நல்ல படம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தேடினேன். ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். சிற்பத்தின் உயரம் தெரிவதற்காகத் தூணோரம் விரித்து வைத்த உன் கை இருக்கிறது. பிராகாரத்தில் எனக்கு முன்னால் நடந்து போகும் உன் முதுகு இருக்கிறது. மற்றபடி, "கொஞ்சம் தள்ளி நில்லு, ஃப்ரேமுல வர்ற" என்று நானே உன்னை ஒதுக்கி நிறுத்திய படங்கள். கடைசியில் ஆதார் அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். புள்ளி புள்ளியாக, அது நீதான் என்று சொன்னால்தான் தெரியும்படி இருந்தது. உன் கடை மிஷினில்தான் அச்செடுத்தார்கள்.

பாதை இப்போது தார் போட்டு நன்றாக இருக்கிறது. நானும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூடுதல். எந்தக் கோயிலுக்கும் படம் எடுக்கப் போவதில்லை. போகலாம் என்று தோன்றுவதும் இல்லை. காலப்போக்கில் சரியாகிவிடும் என்றார்கள். ஒன்றும் சரியாகவில்லை.

மீட்டிங்கில் இப்போது போனைக் கவிழ்த்து வைப்பதில்லை. அதிர்ந்தால் எழுந்து வெளியே வந்து எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் வைக்கும்வரை நான் வைப்பதில்லை.