பஞ்சு தோலுரித்த ஞாயிறு

ஜூன் 8, ஞாயிறு

பஞ்சு வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஆபீஸ் நண்பன் இஸ்மத், கண்ணாடிப் பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டான். உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்தி, உடம்பெல்லாம் முடி. இதுவரை நான் ஒரு மீன்கூட வளர்த்ததில்லை. பயம்தான். ஆனால் ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்து அது நடக்கும்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏங்கண்ணு வம்சி, பஞ்சுன்னா பேர் வெச்ச? என்ர பெரியப்பன் பேராச்சே அது!"

ஜூன் 11, புதன்

பஞ்சுவுக்குப் போட வைத்திருந்த சுவர்க்கோழிப் பூச்சி ஒன்று தப்பி அடுக்களைக்குள் போய்விட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 21, சனி

பேசிவிட்டாள். உடுமலையிலிருந்து ஒரு வரன். பெயர் பிரீத்திகா, பிசியோதெரபிஸ்ட். போனில் ஒருமுறை பேசினேன், சட்டென்று சிரிக்கிறாள். ஜூலை 13 அன்று வீடு பார்க்க வருகிறார்கள்.

"அதுக்குள்ள அந்தச் சனியன எங்காச்சும் குடுத்துபோடு கண்ணு. பொண்ணு குடுக்கறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

பிரீத்திகாவிடம் சொல்லிவிடலாமா? எப்படி ஆரம்பிப்பது? 'சாப்டீங்களா, என்கிட்ட ஒரு சிலந்தி இருக்குதுங்க' என்றா?

ஜூலை 3, வியாழன்

பஞ்சு மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. போட்ட பூச்சி அதன் முதுகிலேயே ஏறி நடக்கிறது. நான் என்ன தப்பு செஞ்சேன்? தண்ணி மாத்தினேனே, தென்னை நார்த்தூள்கூடப் புதுசா போட்டேனே—

இஸ்மத்துக்குப் போன் செய்தேன். சிரிக்கிறான். "பின்பக்கம் கறுத்திருக்கா? அப்ப தோலுரிக்கப் போகுதுடா. பூச்சிய வெளிய எடு, உரிக்கறப்போ சிலந்தியக் கடிச்சு வெச்சிரும். பெட்டிய அசைக்காத. மல்லாந்து படுக்கும், செத்துப்போச்சுன்னு பயந்துராத."

ஜூலை 12, சனி

பஞ்சு வெள்ளை நூலால் ஒரு மெத்தை பின்னியிருக்கிறது. இன்றோ நாளையோதான். இன்றைக்குப் பார்த்து, விருந்தாளிகள் வருகிறார்களென்று, அம்மா பூச்சி மருந்து அடிக்க ஆள் வரச்சொல்லியிருக்கிறாள்! அந்த வாடை பட்டாலே பஞ்சு போய்விடும். வேறு இடத்துக்குத் தூக்கிப் போகவும் முடியாது. அறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டுக் குறுக்கே நின்றேன்.

அம்மா அழுதுவிட்டாள். "ஒரு பூச்சிக்காகப் பெத்தவள எதுத்து நிக்கற."

அப்பாதான் வாசலுக்குப் போய், "இன்னொரு நாளைக்கு வாங்க தம்பி" என்று மருந்தடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் பஞ்சு மல்லாந்து கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "செத்துப்போச்சா?" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

உடுமலைக்காரர்கள் வந்தார்கள். பிரீத்திகாவின் அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து, துண்டு திணித்த கதவுக்கு முன்னால் நின்றார். "இங்க என்னங்க மாப்ள?"

"பழைய சாமானுங்க" என்றாள் அம்மா.

எனக்கு எப்படி வாய் வந்ததோ. "இல்லீங்க மாமா. சிலந்தி வளக்கறேன். உள்ள தோலுரிச்சுட்டு இருக்குதுங்க."

பிரீத்திகா வெளுத்துப்போனாள். "எனக்குச் சின்னச் சிலந்தின்னாலே ஆகாதுங்க." பிறகு கதவையே பார்த்தபடி, "தூரமா நின்னு பாக்கலாங்களா?"

கதவருகே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பழைய தோல் பிளந்து, பஞ்சு ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருந்தது. உருவும், ஓய்வெடுக்கும், மறுபடி உருவும். "பாவம், எத்தன கஷ்டப்படுது" என்றாள். கடைசிக் கால் வெளியே வரும்வரை அவள் நகரவில்லை.

அவள் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஆடி முடியட்டுங்க. சொல்றோம்."

ஜூலை 20, ஞாயிறு

உடுமலையிலிருந்து ஒன்றும் இல்லை. பஞ்சு புதுத் தோலில் கன்னங்கரேலென்று பளபளக்கிறது. இதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது?

ஜூலை 24, வியாழன்

பிரீத்திகா போன் செய்தாள்! எடுத்ததும், "தின்னுச்சுங்களா?" என்றாள்.

"நேத்துதாங்க. தோலுரிச்சா பல்லும் புதுசுங்க, மெத்துனு இருக்கும், கெட்டியாகோணுமில்லீங்க."

அவள் அப்பாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லையாம். "மறைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது, அவராத்தானே சொன்னாருன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன்." பிறகு குரலைக் கறாராக்கிக்கொண்டாள். "படுக்கற ரூம்ல வெக்கக் கூடாது. என்னயத் தொடச் சொல்லக் கூடாது."

சரி என்றேன். இன்னும் பத்து சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணம் முடிவாகிவிட்டது, வடவள்ளியில் வாடகைக்கு வீடு பார்த்தோம். நான், பிரீத்திகா, கூடவே மாமா. காற்று நன்றாக வருகிறது, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. இறங்கும்போது வீட்டுக்கார அம்மா கேட்டார்: "நாய், பூனை ஏதாச்சும் வளக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரீத்திகா முந்திக்கொண்டாள். "ஒண்ணு இருக்குதுங்க. குலைக்காதுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே இருக்கும்."

"மீனுங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பின்னாலிருந்து மாமா தொண்டையைச் செருமினார்.

"மீனில்லீங்க அம்மணி, சிலந்தி. ஆனா ரொம்பச் சாதுங்க. போன வாரங்கூட நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."