பத்தொன்பது சரி, ஆறு தப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று வகுப்பின் முதல் நாள். கிடங்கு மாடியில் பழைய அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பதினொரு நாற்காலி போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது எனக்கு. அதை மட்டும் பேக்கிங் டேப்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. டேப்பைப் பிய்க்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஆறு மணி நேரம் நின்றுகொண்டே நடத்தினேன்.

இருபது வருடம் டிரம் உருட்டியவர்களுக்கு, டிரம்மில் எந்த லேபிள் எங்கே ஒட்டுவது என்று ஒரு பொம்பளை வந்து சொல்வது கசக்கிறது. கசக்கட்டும். ஆசிட், தின்னர், பேட்டரி, பூச்சிமருந்து — இதெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் போகிற சரக்கு. பரீட்சையில் தேறாத ஆள் இதைக் கட்டவோ, காகிதத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது. சட்டம் அது. நான் போட்ட சட்டமா?

கடைசி வரிசையில் தங்கச்சி புருஷன். கையைக் கட்டிக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு. பேக்கிங் ஷெட்டுக்கு சூப்பர்வைசர் அவன்தான். வீட்டில் நான் "அண்ணி". இங்கே வாக்கியத்துக்கு ஒரு "மேடம்".

"டிரம்முன்னா உருண்டையா இருக்குமே, அதானே மேடம்?"

அறையே குலுங்கியது.

மார்ச் 4, செவ்வாய்

அவனைப் பார்த்தாலே ஏன் எரிகிறது என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு, நான் என் வீட்டுக்காரரை விட்டு வந்த மூன்றாம் மாதம். தங்கச்சி வீட்டு மொட்டைமாடி, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிறார்கள். என் கைப்பையில் ஒரு லேபிளை ஒட்டினான். அபாயச் சரக்கில் எட்டாம் வகுப்பு, அரிக்கும் பொருள். "அண்ணிய தொட்டா கை வெந்துரும், பாத்துக்கோங்க." எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும்தான். அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். லேபிளைக் கோணலில்லாமல் ஒட்டியிருந்தான்.

மார்ச் 5, புதன்

மேலாளர் கூப்பிட்டார். ஏசி அறையில் என்னை நிற்கவைத்தே பேசினார். "அஞ்சு நாள் கிளாஸ் எதுக்கு? கப்பல் காத்துக்கிட்டு நிக்குமா? நாளையோட முடிங்க, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சர்ட்டிபிகேட்ட குடுத்து அனுப்புங்க."

எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கு சேரக் கூடாது என்ற பாடம் இன்னும் பாக்கி என்றேன்.

"அதெல்லாம் அவங்களுக்கே தெரியும்."

அப்புறம் நான் எதற்கு? கேட்கவில்லை. சாயங்காலம் அதையே ஒரு குறிப்பாகவும் எழுதி அனுப்பினார். ஒரு நாள் பாடத்தை ஒன்றரை மணி நேரமாக்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

பரீட்சை. இருபத்தைந்து கேள்வி, இருபது சரியானால் தேர்ச்சி. பத்துப் பேர் தேறினார்கள்.

அவனுக்குப் பத்தொன்பது.

ஆறு தப்பில் ஐந்து அசட்டையால் வந்தவை, கேள்வியைப் படிக்காமலே எழுதியிருக்கிறான். ஆறாவது, பதினேழாம் கேள்வி. பேட்டரிப் பெட்டியின் மேல் ஒட்டும் அடையாளச் சீட்டில் தொலைபேசி எண் கட்டாயமா? 'தேவையில்லை, இப்ப வர்ற பெட்டில இல்லை' என்று எழுதியிருந்தான். விதிப் புத்தகம் கட்டாயம் என்கிறது. சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பேனா? யோசித்திருக்க மாட்டேன். தப்பு தப்புதான். அவ்வளவுதான்.

தூக்கம் நன்றாக வரும் என்று தோன்றுகிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 8, சனி

காலை ஏழு மணிக்கே தங்கச்சி போன்.

"ஏன்க்கா, ஒரு மார்க்குல என்ன கிழிஞ்சுரப் போகுது?"

"பரீட்சைன்னா அப்படித்தான்."

"பரீட்சையா? நீ பழி வாங்குற. உன் வாழ்க்கை வெந்து போச்சுன்னு என் வீட்டுலயும் நெருப்பு வைக்கிற. இனிமே அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு நெனைக்க மாட்டேன், போ."

வைத்துவிட்டாள். நான் திரும்பப் போடவில்லை. போகட்டுமே. அன்றைக்கு மொட்டைமாடியில் சிரிக்கும்போது அக்கா ஞாபகம் இருந்ததா?

மார்ச் 12, புதன்

அவனை ஷெட்டிலிருந்து லோடிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மறுபரீட்சை மூன்று மாதம் கழித்துத்தான், அதுவரை மூட்டை தூக்க வேண்டும். நாற்பத்திநாலு வயது. படியில் எதிரே வந்தான். ஒதுங்காமல் தோளில் இடித்துக்கொண்டு போனான். திரும்பி, "சாரி மேடம்" என்றான், ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவன் இடத்துக்கு மேலாளர் அலுவலகத்திலிருந்து ஒருத்தனை அனுப்பியிருக்கிறார். மேலாளர் வாயைத் திறப்பதற்குள் தலையாட்டுகிறான். ஷெட்டில் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள், தலையாட்டி. அவனுக்கு ஒரே ஒரு மதியம் வகுப்பு எடுத்துப் பரீட்சை வைக்கச் சொல்லி உத்தரவு.

மார்ச் 14, வெள்ளி

தலையாட்டி இருபத்தொன்று சரி. அதே வினாத்தாள், வேறு தயாரிக்க நேரம் தரவில்லை. விடைகளைப் பார்த்ததுமே தெரிந்தது. திருத்துவதற்கு நான் எழுதி வைத்த மாதிரி விடைத்தாளில் உள்ள வார்த்தைகள், ஒரு எழுத்துப் பிசகாமல். நான் செய்திருந்த எழுத்துப்பிழை உட்பட. மேலாளர் மேசையில் ஒரு பிரதி இருக்கிறது, எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன்.

போடாமல்? வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு எவன் வருவான்? — இப்படித்தானே எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். யாரும் போன் செய்யவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஒரு பேட்டரிப் பெட்டி வந்தது. சீட்டில் தொலைபேசி எண் இல்லை. திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, அனுப்பிய கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பெண், மரியாதையாகத்தான் கேட்டாள். "மேடம், நீங்க எந்த வருஷப் புத்தகம் பாக்குறீங்க?"

என்னுடையது மூன்று வருடப் பழசு. புதிய பதிப்பின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். எண் வேண்டாம் என்று விதியை மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன.

பதினேழாம் கேள்வி.

அவன் எழுதியது சரி. பத்தொன்பது இல்லை, இருபது. தேறிவிட்டான். புத்தகம் படித்து இல்லை, பெட்டியைப் பார்த்து. நான்தான் ஃபெயில்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று கிட்டத்தட்ட சொல்லிவிட்டேன். அவன் லாரி நிழலில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்த்து, "என்ன மேடம், மூட்டைய எப்படித் தூக்கணும்னு கிளாஸ் எடுக்க வந்தீங்களா?" என்றான். சுற்றி நாலு பேர் சிரிப்பு. வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது. திமிர் பிடிச்சவன். தூக்கட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடந்ததை நடந்த மாதிரி எழுத வேண்டும்.

மதியம் மூன்று மணி. ஒரே கன்டெய்னரில் நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் பவுடர் டிரம்மும் தின்னர் டப்பாவும். பவுடருக்கு மஞ்சள் லேபிள், அது தீயை ஊட்டி வளர்க்கும். தின்னருக்குச் சிவப்பு, பற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக ஏற்றவே கூடாது. நான் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிய பாடம் இதுதான். தலையாட்டிக்கு அதையும் நடத்தவில்லை.

தங்கச்சி புருஷன் ஏற்ற மாட்டேன் என்றிருக்கிறான். ஃபோர்க்லிஃப்ட்காரர் சொன்னது இது: "மஞ்சளும் சிவப்பும் ஒண்ணா போகாதுப்பா"ன்னு ரெண்டு தரம் சொன்னான் மேடம். அதுக்குத் தலையாட்டி, "ஃபெயிலானவன் எனக்குப் பாடம் எடுக்காத"ன்னுட்டான். அவன் கையுறையக் கழட்டிக் கீழ போட்டுட்டு ஓரமா நின்னுக்கிட்டான். நாங்கதான் ஏத்துனோம்.

ஒரு டப்பா மூடி சரியில்லை. ஒழுகி, ஓட்டை விழுந்த ஒரு டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. முதலில் வெள்ளைப் புகை. கதவைச் சாத்தப் போன லாரி டிரைவர் முகத்துக்கு நேரே குப்பென்று பிடித்தது. ஓரமாக நின்றவன்தான் ஓடிப்போய் அவரைச் சட்டையோடு இழுத்துவந்து அவசரத்துக்கு வைத்திருக்கும் ஷவரடியில் தள்ளித் தண்ணீரைத் திறந்துவிட்டான். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவருக்கு இரண்டு கையும் முகத்தில் பாதியும் வெந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மேலாளர் இன்று என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"திங்கக்கிழமை விசாரணை அதிகாரி வர்றார். லோடிங்ல நின்னது யாரு? உங்க தங்கச்சி வீட்டுக்காரர். பரீட்சையில ஃபெயிலான ஆளு, கோவத்துல வேணும்னே மாத்தி ஏத்திட்டான். அவ்வளவுதான் கதை. நீங்க அந்த விடைத்தாளக் குடுத்தா போதும். நீங்க திருத்துன தாளு, உங்க கையெழுத்து. சொந்தக்காரன்னுகூடப் பாக்காம ஃபெயில் போட்ட ஆளு நீங்க, உங்க பேச்சுக்கு மதிப்பு ஜாஸ்தி."

சிரித்தார். அந்தப் பாராட்டு என் மேல் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"வேலை போகுமா அவனுக்கு?"

"வேலையா? கேஸே வரும்."

ஏப்ரல் 25, வெள்ளி

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அவர் மேல போடப் போறாங்களாமே?"

"உள்ள வா."

"வரல. அவர் ஏத்தலன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லுவியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிக்கொண்டாள். "நீ எங்க சொல்லப் போற. எப்படா விழுவான்னு பாத்துக்கிட்டிருந்தவதானே." படியிறங்கிப் போய்விட்டாள். பொய்யா சொன்னாள்? இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

விசாரணை அதிகாரி வயதானவர், சளி பிடித்திருந்தது, மேசையில் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். மேலாளர் அவர் பக்கத்தில். சுவரோரம் அவன், தலையாட்டி, ஃபோர்க்லிஃப்ட்காரர்.

விடைத்தாளைக் கேட்டார். கொடுத்தேன். கேட்காத மூன்றையும் கொடுத்தேன். புதிய பதிப்பின் பக்கம். தலையாட்டியின் விடைத்தாள், அதோடு என் மாதிரி விடைத்தாள், இரண்டிலும் அதே எழுத்துப்பிழையை வட்டம் போட்டு. ஐந்து நாள் பாடத்தைச் சுருக்கச் சொல்லி மேலாளர் அனுப்பிய குறிப்பு.

"பதினேழாம் கேள்விக்கு அவர் எழுதுனதுதான் சரிங்க. நான் தப்பாத் திருத்திட்டேன். அவர் பாஸ். அவர் ஷெட்டுல இருந்திருந்தா அந்த ரெண்டும் ஒண்ணா ஏறியிருக்காது."

ஃபோர்க்லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "ஆமாங்க. ரெண்டு தரம் வேணாம்னான்."

மேலாளர் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி கையை உயர்த்தி உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திருத்துனது தப்புன்னு எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மார்ச் இருபத்தேழு. டிராயர்ல வச்சிருந்தேன்."

"இன்னைக்கு ஏப்ரல் இருபத்தெட்டு."

அவ்வளவுதான் சொன்னார். எழுதிக்கொண்டார். இதுவரை என்னை யாரும் இவ்வளவு மெதுவாக அடித்ததில்லை.

வராந்தாவில் அவன் காத்திருந்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தேனா? ஏதோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"டிரைவருக்கு ஒரு கண்ணு போயிருச்சு. காலையில ஆஸ்பத்திரியில சொன்னாங்க. முப்பத்திரண்டு நாள் டிராயர்ல வச்சிருந்தீங்க. இப்ப மனசு லேசா இருக்கா?"

என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

மே 6, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. பயிற்சி கொடுக்கும் உரிமை ரத்து. மேலாளரை நீக்கிவிட்டார்கள், அவர் மேல் வழக்கு. தலையாட்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். தங்கச்சி புருஷன் மறுபடி ஷெட்டில். எனக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

மே 9, வெள்ளி

மேசையைக் காலி செய்தேன். யாரும் வழியனுப்ப வரவில்லை. வந்தால்தான் ஆச்சரியம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரைவரின் மனைவி, நான் யாரென்று கேட்டாள். சொன்னேன். வாங்கி வைத்த பழப்பையை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "போயிருங்க" என்றாள். கத்தவில்லை. போய்விட்டேன்.

ஜூலை 2, புதன்

ஒரு பெயிண்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. அதற்கும் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எழுதினேன். இருபத்திமூன்று சரி. பாடம் நடத்திய பையனுக்கு என்னை யாரென்று தெரியாது. ஒருவகையில் நிம்மதி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தங்கச்சியிடமிருந்து ஒரு செய்தி. அவள் மகள் பள்ளியில் சேர எங்கள் அம்மாவின் பழைய சான்றிதழ் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று. தேடி எடுத்துப் படம் அனுப்பினேன். 'கிடைச்சுது' என்று ஒரு வார்த்தை.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் எட்டுப் பெட்டி நான் முன்பு இருந்த கிடங்குக்குப் போயிருந்தது. இன்று காலை இரண்டு திரும்பி வந்தன, மறுப்புச் சீட்டோடு. அந்தக் கையெழுத்தை விடைத்தாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 'மேல்நோக்கும் அம்புக்குறி ஒரு பக்கம்தான் இருக்கிறது. எதிர்ப் பக்கமும் வேண்டும். ஏற்க முடியாது.'

கூட வேலை செய்பவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு அம்புக்காகவா? வேணும்னே பண்றான். நீங்க போன் போட்டு நாலு வார்த்தை கேளுங்க" என்றாள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எதிர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. கட்டியது நான்தான்.

"இல்ல, அவர் சொல்றது சரிதான்" என்றேன்.

அம்புகளை ஒட்டி மதிய வண்டியில் அனுப்பினேன். நாலரை மணிக்கு ஏற்றுக்கொண்டதாக ரசீது வந்தது.