இரண்டாவது ஆளின் கையெழுத்து

சிஸ்டர்,

இன்று காலை பழைய பதிவேடுகளைக் கழிப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றிலிருந்து வலித் தைலத்தின் வாடை எழுந்தது. அட்டையைப் பார்க்குமுன்பே அது ஆண்கள் வார்டின் பதிவேடு என்று தெரிந்துவிட்டது. இடுப்பில் தைலம் தேய்த்த கையோடு நீங்கள் புரட்டிய பக்கங்கள் அவை.

அந்தப் பதிவேட்டை ஏற்படுத்தியவன் நான். எழ முடியாத நோயாளியை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். தூக்கியதும் இருவரும் கையெழுத்திட வேண்டும். செவிலியர்களின் இடுப்பைக் காக்க நல்ல விதி ஒன்றை எழுதிவிட்டதாக, நிர்வாக அலுவலரான எனக்கு அப்போது பெருமை. வார்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே செவிலியரைத்தான் நியமித்திருந்தேன் என்பது அந்தப் பெருமையில் மறைந்துபோயிற்று.

ஒரு மாத முடிவில் சரிபார்த்தபோது, இரண்டாவது ஆளுக்கான கட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் 'சேர்வராயன்' என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பெயரில் நம்மிடம் ஊழியர் எவரும் இல்லை. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினேன். அதை எடுத்துக்கொண்டு வந்து, என் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றீர்கள். நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காந்தா எந்திரிக்க இன்னொரு ஆளு வேணுமுங்க சார்."

"யார் இந்தச் சேர்வராயன்?"

"ஏனுங்க சார், மலை உச்சியில கோயில்ல இருக்கறவருதானுங்க. அந்நேரத்துக்கு அவரை உட்டா வேற ஆரு டூட்டில இருந்தாங்க?"

"சாமி பெயரைப் பதிவேட்டில் எழுதலாமா?"

"காலியா உட்டா எனக்கு மெமோ. இன்னொரு சிஸ்டர் பேரைப் போட்டா அது பொய்யி. அவருக்கு மெமோ குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சனுங்க."

நான் சிரிக்கவில்லை. 'விளக்கம் ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி உங்கள் பணிக்கோப்பில் சேர்த்தேன்.

மறுவாரம் வார்டைப் பார்வையிட வந்தேன். பக்கவாதத்தில் படுத்திருந்த லாட்ஜ் சமையல்காரர், கனத்த மனிதர், கட்டிலின் கால்மாட்டுக்குச் சரிந்து கிடந்தார். கட்டில் உங்கள் முழங்கால் உயரம்தான். "வாங்க சார், ரெண்டாவது ஆளு வந்தாச்சு" என்றீர்கள். "முதுகை வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க." அவரிடம் திரும்பி, "சாமி, நீங்களும் கொஞ்சம் எக்குங்க." அவரை மேலே ஏற்றியபின் சற்று நேரம் என்னால் நிமிர முடியவில்லை.

"ஒரு தடவைக்கே இப்படிங்களா? எனக்கு இன்னைக்கு இது ஒம்பதாவதுங்க" என்று பேனாவை நீட்டினீர்கள்.

கட்டில்களை மாற்றவும் கூடுதலாக ஒருவரை நியமிக்கவும் அன்றே எழுதினேன். அனுமதி வர இரண்டு ஆண்டுகளாயின. அதற்குள் உங்கள் இடுப்பு வலி காலுக்கு இறங்கி, மரத்துப்போய், வார்டு வேலையே முடியாதென்றாகிவிட்டது. "குனியாத வேலை எதாச்சும் இருந்தா குடுங்க சார். ஊட்டுல சும்மா இருக்க முடியாதுங்க" என்று கேட்டீர்கள். அத்தகைய பணியிடம் இல்லை என்றேன். அது உண்மை. ஒன்றை ஏற்படுத்தக் கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நீங்கள் காய்ச்சலில் இறந்துபோனபோது நாகலூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கற்கள் அடுக்கியிருந்தன. கடைசி நாட்களில் உங்களைத் துடைத்துவிட்ட மகள் குனியக் கூடாதென்று நீங்களே சொல்லி வைக்கச் செய்தீர்களாம். அவள்தான் சொன்னாள்.

இன்று அந்தப் பதிவேட்டைக் கழிக்கவில்லை. உங்கள் பணிக்கோப்பை வரவழைத்துக் குறிப்பாணையைத் தேடி எடுத்தேன். இறந்தவருக்கு வழங்கியதைத் திரும்பப் பெற நம் விதிகளில் இடமில்லை. இருந்தும் அதன் கீழே, 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதித் தேதியிட்டேன்.

மை உலருமுன் வார்டிலிருந்து ஃபோன் வந்தது. இப்போது ஒரு நேரத்துக்கு இருவர் உண்டு. இன்று ஒருவர் விடுப்பு. மாடியேறிப் போனேன். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கினேன். தூக்கி முடித்ததும், சேர்வராயனைத் தொந்தரவு செய்யாமல், இரண்டாவது கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.