மாமி மறுமொழி சொன்ன வினைச்சொல்

முல்லைத்தீவு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அனிஸ்ரனுக்கு,

இங்கே உங்கள் அம்மா, நான், பிள்ளை மூவரும் சுகம். பிள்ளைக்கு மட்டும் இரண்டு நாளாக மூக்கடைப்பு. கட்டாரில் வெயில் தணிந்ததா?

போனில் கதைத்தால் மாமி பக்கத்திலேயே இருக்கிறா. அதனால் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் அந்தோனிமுத்து அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மாமி உங்களுக்குச் சொன்னது பாதிதான். செவ்வாய் பின்னேரம் குசினியில் புளி கரைத்தபடி ஒரு லத்தீன் வினைச்சொல்லைப் பாடமாக்கினேன். லோக்குவோர், லோக்குவேரிஸ், லோக்குவித்தூர்: நான் கதைக்கிறேன், நீ கதைக்கிறாய், அவள் கதைக்கிறாள். உருவத்தைப் பார்த்தால் 'கதைக்கப்படுகிறேன்' என்பதுபோல இருக்கும். பொருளிலோ கதைக்கிறவள் நான்தான். வெளியே செபமாலை முடித்திருந்த மாமியும் அயல் பெண்களும், நான் பழைய பூசை மொழியில் மன்றாட்டுத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மறுமொழியாக 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றார்கள். நிறுத்தியிருக்கலாம். லோக்குவிமூர், லோக்குவிமினி, லோக்குவுந்தூர் வரை போய்விட்டுச் சிரித்தும்விட்டேன். அதுதான் பிழை.

மாதாவுக்கு முன்னாலேயோ பகிடி விடுகிறாய், பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு செத்த பாஷை உனக்கு என்னத்துக்கு என்று மாமி ஏசினா. கடற்கரையில் இப்போது எனக்குப் பெயர் 'பூசை ரீச்சர்'. சிரித்ததற்கு மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். படித்ததற்குக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீங்களும் இந்த முறை சோதனையை விடும் என்றீர்கள். போன முறை விட்டது பிள்ளை வயிற்றில் இருந்ததால். பட்டத்துக்கு இந்த ஒரு பாடம்தான் மிச்சம். இப்போதும் எழுதாவிட்டால் பதிவு போய்விடும், ஆறு வருடப் படிப்பும் போய்விடும். பிள்ளை போத்தல் பிடிக்கிறாள் இல்லை. அந்தப் பயத்தில் எனக்கு நித்திரை இல்லை. என்றாலும் இருபதாம் திகதி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறேன். மாமி பார்த்துக்கொண்டால் நல்லது. இல்லாவிட்டால் பிள்ளையும் என்னோடு வருவாள்; மூன்று மணித்தியாலமும் மண்டபத்துக்கு வெளியே என் சிநேகிதி கௌசலா தூக்கி வைத்திருப்பாள்.

நேற்று மாமி போத்தலைச் சுடுதண்ணியில் அவித்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தா. எதற்கென்று நான் கேட்கவில்லை.

இது உத்தரவு கேட்டு எழுதிய கடிதம் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கோ. அன்று காலை ஒன்பது மணிக்கு, அங்கே ஆறரை, வேலைக்குப் போகும் வழியில் என்னை நினையுங்கோ. முதல் சொல்லை நான் இங்கே சொல்லுவேன். மறுமொழியை நீங்கள் அங்கிருந்து சொன்னால் போதும்.

உங்கள்
கம்சா