துருத்தி வைத்த பேக்பைப்

9.4.07 திங்கள்

காலையிலேயே வெயில். தகரக் கூரை சுடுகிறது. கரண்ட் இல்லை.

விருதுநகர் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்து வந்தோம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த வருஷங்களின் தூசி உள்ளே தங்கிவிட்டதாம். பைப் ஊதுவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் மனைவி முத்துமாரி கேட்டுவிட்டாள். இனிமேல் ஊதவே கூடாது என்றார். பஸ்ஸில் அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள்.

ஞாயிறு ஆமத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பேண்டு செட்டில் பேக்பைப் வாசிப்பவன் நான் ஒருவன்தான். மாஸ்டர் தங்கவேல் அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

மத்தியானம் தூக்கம் இல்லை. பைப்பை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

10.4.07 செவ்வாய்

வாங்க: மெழுகு, நூல், சீரகம்.

பைப்பின் தோல் பையில் சோப்புத் தண்ணீர் தடவி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தேன். தையல் ஓரம் முழுக்க நுரை. இத்தனை நாள் ஊதியதில் பாதி வெளியேதான் போயிருக்கிறது. கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

மெழுகு தேய்த்த நூலால் மறுதையல். குழல்கள் பையில் சேரும் இடங்களில் பழைய நூலை உரித்துப் புதிது சுற்றினேன். மறுபடி காற்றடித்தேன். நுரை இல்லை.

அப்புறம் சைக்கிள் பம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று வாயிலிருந்துதான் வர வேண்டுமா?

அண்ணாச்சிக்கு விஷயம் போய்விட்டது. மதுரையிலிருந்து வேறு ஆள் வரச் சொல்லவா என்று டீக்கடையில் கேட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து என் வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணச் சொன்னேன்.

11.4.07 புதன்

லீவு போட்டேன். பேக், பெல்ட் தைக்கும் காதர் பாய் கடையில் நாள் முழுக்க.

கொல்லன் துருத்தி மாதிரி ஒன்று, கக்கத்தில் இடுக்கும் அளவு, என்றேன். பாய் சிரிக்கவில்லை. என் கையை அளவெடுத்தார். இரண்டு பிளைவுட் பலகை, நடுவே தோல். காற்று உள்ளே வர ஓர் ஓட்டை, திரும்பிப் போகாமல் மூட ஒரு தோல் மடல். வலது முழங்கையால் அமுக்கினால் ஹோஸ் வழியாக இடது கக்கத்துப் பைக்குக் காற்று போகும். ஊதுகுழல் இருந்த இடத்தில் ஹோஸைச் செருகிவிட்டோம்.

முதலில் மடல் ஒட்டிக்கொண்டது. பிறகு ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. பிறகு சரி.

சாயங்காலம் தீப்பெட்டி ஒட்டும் ஆபீஸில் வேலை முடிந்து வந்த முத்துமாரி வாசலிலேயே நின்றாள்.

“டாக்டர் அம்புட்டு சொல்லியும் என்ன செய்யிறீக?”

“வாய் வைக்கல. இந்தா பாரு.”

துருத்தியை வாங்கி அமுக்கினாள். அவள் முகத்திலேயே காற்று அடித்தது. குழம்பு வைக்கப் போனாள்.

12.4.07 வியாழன்

சத்தமே வரவில்லை. குழலுக்குள் சத்தம் எழுப்பும் நாணல் ரீடு இந்தக் காற்றுக்கு ரொம்பக் கடினம். பிளேடால் சீவினேன். ஒரு சீவல் அதிகம். முனை போச்சு.

மிச்சம் ஒரே ஒரு ரீடு. தெருமுனை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

இதைச் சீவவில்லை. விரலிடுக்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி இளக்கினேன். கடைசியில் சத்தம் வந்தது, எருமை கத்துகிற மாதிரி. பிறகு சுருதி சேர்ந்தது.

பக்கத்து வீட்டில்: “ஊதக் கூடாதுன்னாகளாம். கேளு, ஊதுறத.”

13.4.07 வெள்ளி

அண்ணாச்சி வந்தார். கேட்டார். நல்லாயிருக்கு என்றார். ஆனாலும் தயக்கம். கன்னம் உப்பாமல் வாசித்தால் டேப் போட்டு ஏமாற்றுகிறோம் என்று ஜனம் நினைக்குமாம். பழைய ஊதுகுழலைச் சும்மாவாவது வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன்.

அவர் போனதும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். உதட்டில் பட்டதுதான், நெஞ்சு தானாக ஊத ஆரம்பித்துவிட்டது. பழக்கம். இருமல் நிற்க வெகு நேரம். முத்துமாரி முதுகைத் தடவினாள். கீழே கிடந்த குழலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

14.4.07 சனி

வருஷப்பிறப்பு. பாயசம்.

காலையிலேயே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், ஊதுகுழலை வாயில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப நான் வேற ஆள் பாத்துக்கிடுதேம்லே.”

“பாருங்க அண்ணாச்சி.”

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டில் உட்கார முடியவில்லை. துருத்தி வாரை இறுக்கினேன், தளர்த்தினேன். சாயங்காலம் சொல்லியனுப்பினார். முகூர்த்த சீசன், மதுரைக்காரர் வேறு ஆர்டரில். நாளைக்கு வாயில்லாமலே வரச் சொல்லு என்றாராம்.

15.4.07 ஞாயிறு

ஆமத்தூர். புழுக்கம்.

மாப்பிள்ளை காருக்கு முன்னால் எங்கள் செட். ஜனம் முதலில் என் வாயைப் பார்த்தது, பிறகு முழங்கையைப் பார்த்தது. “டேப்பு ஓடுதுலே” என்று ஒரு குரல். அண்ணாச்சி திரும்பவில்லை. கோயில் திருப்பத்தில் டிரம்மை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நான் மட்டும். முழங்கை தூக்கினேன், அமுக்கினேன். தோள்பட்டை எரிந்தது. நெஞ்சு அதன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை.

முத்துமாரியை யாரும் அழைக்கவில்லை. டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கூட்டத்தின் ஓரமாகவே நடந்தவள் கிட்டே வந்தாள்.

“முடியுதா?”

இத்தனை வருஷமும் வாசிக்கும்போது யார் என்ன கேட்டாலும் கண்ணால்தான் பதில்.

“முடியுது” என்றேன். பாட்டு நிற்கவில்லை.

“கேக்கல. உரக்கச் சொல்லுங்க.”

உரக்கச் சொன்னேன்.