வில்லுக்காரியின் முகத்துக்கு வார்னிஷ்

இன்று காலை ஸ்ப்ரே டின்னைக் குலுக்கி, ஒரு பிளாஸ்டிக் கரண்டியின்மேல் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். அந்த வாடை கிளம்பியதுமே, "மூக்கைப் பொத்துடி, மூளை வறுபட்டுடும்" என்று நீ பக்கத்தில் நின்று அதட்டுவது போலிருந்தது. நீ போன பிறகு, மூன்று மாதமாக நான் அந்த டின்னைத் தொடவில்லை.

பலகை விளையாட்டுகளில் நகர்த்தும் கட்டைவிரல் உயரப் போர்வீரர்கள்தான் நமக்கு வேலை. ஈப்போவில் கடை வைத்திருக்கும் அண்ணன் அவற்றை வெறும் சாம்பல் நிறத்தில் தருவார். புந்தோங்கில் உங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் நாம் சாயம் தீட்டுவோம். நீ முகம், நான் உடுப்பு. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு, யாராவது பெயர் கேட்டாலே பேச்சு வராது. அதனால் கடையில் பேசுவதும் உன் வேலை, வார்னிஷ் அடிப்பதும் உன் வேலை.

ஒருமுறை உனக்கே பொறுமை போய்விட்டது. மாலை மழை விட்ட கையோடு ஐந்து வீரர்களை வெளித் தாழ்வாரத்தில் நிறுத்தி அடித்தாய். காற்றில் ஈரம் இருந்திருக்கிறது. காய்ந்தபோது ஐவரும் விபூதி பூசியதுபோல் வெளுத்திருந்தார்கள்.

"அலாமாக்! அஞ்சு சாமியாருங்க வந்துட்டாங்கடி!"

எனக்கோ அழுகை வந்தது. நீ தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைத் தூரிகையில் தொட்டுத் தொட்டுத் தடவினாய். வெளுப்பு மறைந்தது. கடை அண்ணன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, பட்டாளம் எண்ணெ தேச்சுக் குளிச்சுச்சா?"

"தீபாவளி வருதுல்ல, அண்ணே!"

அவர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் நீ சிரிக்கவில்லை. "எண்ணெ சும்மா மறைக்கத்தான் லா. கெட்டது கெட்டதுதான். இனிமே நல்ல வெயில்ல மட்டும்."

அந்த நல்ல வெயிலுக்காகத்தான் வில்லுக்காரி காத்திருந்தாள். நீ கடைசியாகத் தீட்டியவள். கடைக்காக அல்ல, உன் அம்மாவுக்காக. அவருடைய மூக்குத்தி, முகவாயில் அவருடைய மச்சம். வார்னிஷ் மட்டும் பாக்கி. அதற்குள் டெங்கி வந்தது. ஆறே நாள்.

உன் அம்மா தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்த முகத்தை விரலால் தடவுகிறார். போன வாரம் பார்த்தேன். மச்சத்தில் பாதி இல்லை. மூக்கு நுனியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

"ஆண்ட்டி, இதுக்கு வார்னிஷ் அடிக்கணும்."

"வேணாம்மா. வெளுத்துப் போச்சுன்னா? அவ கை பட்டது இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

வேறு நாளாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். அன்று நகரவில்லை. "அடிக்கலன்னா நீங்களே தடவி அழிச்சிருவீங்க, ஆண்ட்டி. ஒரு மாசம் தாங்காது." குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "உனக்கு இவ்வளவு பேச்சு வருமா?" என்று கேட்டு, வில்லுக்காரியை என் கையில் வைத்தார்.

நான்கு நாள் மழை. "அடிச்சிட்டியா?" என்று தினமும் போன் வந்தது. "இன்னும் இல்ல, ஆண்ட்டி." இன்றுதான் எங்கள் வீட்டுத் தாழ்வாரச் சுவர் கை வைத்தால் சுட்டது. கரண்டி வெளுக்காமல் காய்ந்தது. வில்லுக்காரியை ஒரு பாட்டில் மூடிமேல் ஒட்டி, டின்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். அவளுக்கு வெளியே தொடங்கி, மேலே மெல்லக் கடந்து, வெளியே போய் நிறுத்தினேன். பிறகு அடுத்த பக்கம். பாதி மச்சத்தை நான் சரிசெய்யவில்லை. மீதி இருப்பது உன் கை. அதன்மேல் என் தூரிகை படக்கூடாது.

மாலையில் உன் அம்மா வேலை உடுப்போடு வந்தார். தொடத் தயங்கினார்.

"அழுத்தித் தடவுங்க, ஆண்ட்டி."

தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் தடவினார், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

எனக்கு இன்னும் முகம் தீட்ட வராது. கற்றுக்கொள்வேன். நாளைக் காலை கடை அண்ணனிடம் நானே போய்ப் பத்துப் பொம்மைகள் கேட்கப்போகிறேன். உன் அம்மாவிடம் பேசிய குரல் என்னிடம்தான் இருக்கிறது. நடுங்கும். நடுங்கட்டும், கேட்டுவிடுவேன்.