கார்டின் பின்பக்க எண்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கணினிக்குள் எவனோ புகுந்து, அங்கே கார்டு தேய்த்தவர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். எங்கள் வங்கிக் கார்டுகள் மட்டும் நானூற்றுச் சொச்சம். “கேக்காம முடக்கினா சண்டைக்கு வருவாங்க, கேட்டுட்டே முடக்குங்க” என்றார் மேலாளர்.

எல்லோருக்கும் மெயில் அனுப்பினோம். ஒருவர்கூடத் திறக்கவில்லை. வங்கி பெயரில் வரும் மெயிலைத் தொடாதீர்கள் என்று மூன்று வருடமாகக் கூட்டம் போட்டுப் பேசியவள் நான். பலன் இன்றுதான் தெரிகிறது.

மார்ச் 4

என் யோசனைப்படி, எங்கள் மோசடித் தடுப்புப் பிரிவில் இருக்கும் ஆறு பேரும் நானும் காலையிலிருந்து போன் போட்டோம். பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் திட்டிவிட்டு வைத்தார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்: “பேங்க்லேருந்து போன் வந்தா நம்பாதீங்கன்னு ஒரு அம்மா கூட்டத்துல சொன்னாங்க.”

“அந்த அம்மாவே நான்தான் சார்.”

“வேற யாருன்னு சொல்லுவ? என் வீட்டம்மா கண் ஆபரேஷனுக்கு வெச்சிருக்கற காசும்மா அது. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில கட்டணும். உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

நான்கு முறை கூப்பிட்டேன். ஐந்தாவது முறை என் எண்ணையே தடுத்துவிட்டார். எப்படித் தடுப்பது என்று கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 5

மனசு கேட்கவில்லை. மதியம் அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பி வழியாகப் பேசினார். அடையாள அட்டையைக் காட்டினேன். “இதை எவன் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்.”

நியாயம்தான். அதையும் நான்தான் சொல்லியிருப்பேன்.

“சார், என்னை நம்பவே வேணாம். கார்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும். அதுக்குப் பேசுங்க, போதும்.”

ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இது நேற்றே தோன்றியிருக்கக் கூடாதா எனக்கு? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

உள்ளே ஸ்பீக்கரில் இசை கேட்டது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.’ மறுபடியும் இசை. வாசலிலேயே நாற்பது நிமிடம் நின்ற பிறகுதான் உறைத்தது — அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க வேண்டிய ஆறு பேரையும் வெளியே போன் போட உட்கார வைத்ததே நான்தானே! ஐயோ கடவுளே.

பிரிவுக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். “போன் போட்டது போதும்! வர்ற போனை யாராவது எடுங்க!”

இசை நின்றது.

மார்ச் 6

நேற்று 3.02-க்கு வாத்தியார் கார்டு முடக்கம். 3.10-க்கு அதே கார்டில் நான்கு ஃபிரிட்ஜ் வாங்க முயற்சி நடந்திருக்கிறது. எட்டே நிமிடம். டீ குடிக்க முடியவில்லை.

மார்ச் 20

வாத்தியாரிடமிருந்து புகார்க் கடிதம். ‘ஐந்தாம் தேதி ஒரு மோசடிக்காரி என் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றாள். தங்கள் வங்கியின் எண்ணுக்குப் பேசியதால் தப்பித்தேன். அவளைப் பிடிக்கவும். கண் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இக்கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று என் மனைவியே படித்துப் பார்த்துவிட்டாள்.’

‘உடனே கவனிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, மேலாளர் என் மேசைக்கே அனுப்பிவிட்டார். இரண்டு முறை படித்தேன். அழுகை வந்துவிட்டது. பிறகு பதில் எழுதினேன்.

‘ஐயா, தங்கள் எச்சரிக்கைக்கு நன்றி. அந்தப் பெண் இப்போது எங்கள் கண்காணிப்பில் இருக்கிறாள்.’

கையெழுத்து மட்டும் மேலாளரைப் போடச் சொன்னேன். என் பெயரைப் பார்த்தால் இதையும் நம்பமாட்டார்.